குறி தவறுவது கையா, கட்டையா?

ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கிற எவருக்கும் ஒரு கேள்வி எழும்: குறி தவறுவது எதனால்? 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பந்தயத்தில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் புள்ளியைக் குறிவைத்துத்தான். அவர் மூச்சை எப்படி அடக்கினார், விரலை எப்படி அழுத்தினார் என்றெல்லாம் நாம் பேசுகிறோம். துப்பாக்கியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மனிதரை முற்றிலும் ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும்? துப்பாக்கியை அசையாத இரும்புப் பிடியில் இறுக்கிவிடுவோம். காற்றடிக்காத கூடத்தில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுடுவோம். கையும் இல்லை, மூச்சும் இல்லை. எல்லாக் குண்டுகளும் ஒரே துளை வழியாகத்தானே போகவேண்டும்?

போவதில்லை. தாளில் துளைகள் சிதறித்தான் விழும். ஒரே தொழிற்சாலையில், ஒரே வாரத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று துளைகளை நெருக்கமாகவும் மற்றொன்று இரு மடங்கு விலக்கமாகவும் போடும். ஏன் என்று தேடினால், குழலைத் தாங்கும் கட்டையில் தொடங்கிக் குழலின் வாய் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

கான்கிரீட் தூணில் கட்டிய குழல்

இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்தியவர் ஃபிராங்க்ளின் மான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவர், படிப்பால் மருத்துவர். சொந்தச் செலவில் சுடுதளம் அமைத்து, தரையில் கான்கிரீட் தூண் எழுப்பினார். அதன்மேல் V வடிவ உலோகப் பள்ளமொன்றைப் பதித்து, கட்டையே இல்லாத வெறும் குழலை அதில் கிடத்திச் சுட்டார். தன் சோதனைகளை 1909இல் நூலாக வெளியிட்டார்.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு எளிய சோதனை. சில குண்டுகளின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்தார். வேறு சிலவற்றின் அடிப்பகுதியைச் சிதைத்தார். மூக்குச் சிதைந்தவைதான் மோசமாகப் பறக்கும் என்று யாரும் நினைப்போம், காற்றைக் கிழித்துப் போவது மூக்குதானே. தாளில் தெரிந்தது வேறு. மூக்கு கெட்ட குண்டுகள் ஓரளவு ஒழுங்காகவே போயின. அடிப்பகுதி கெட்டவை கண்டபடி சிதறின. குண்டின் தலைவிதி அது குழலை விட்டு நீங்கும் கணத்தில், அதன் அடிப்பகுதியில் முடிவாகிறது என்பதை அந்தத் தாள்கள் காட்டின. இந்தச் செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஒரு மயிரிழைக் கணக்கு

இனி ஒரு துப்பாக்கியைக் கையில் எடுப்போம். ரெமிங்டன் 700. 1962இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து லட்சக்கணக்கில் விற்ற வேட்டைத் துப்பாக்கி. இதை உருவாக்கிய மைக் வாக்கர் தானே துல்லியப் போட்டிகளில் சுட்டவர். நம் துப்பாக்கிக்கு வால்நட் மரக்கட்டை, சுமக்க வசதியான மெல்லிய குழல், .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டா. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவிலோ உரிமமும் பருவமும் வகுத்து மான் வேட்டையை அரசே நடத்துகிறது. அங்கே இது பரவலாகக் காணப்படும் பொருள்.

கடையிலிருந்து வந்தபடியே இது 100 மீட்டரில் ஐந்து குண்டுகளை 60 மில்லிமீட்டர் அகலத்துக்குள் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டத்தைத் துளைக்கொத்து என்போம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். 100 மீட்டரில் 60 மில்லிமீட்டர் சிதறல் ஒரு பொருட்டே இல்லை. 300 மீட்டரில் அது 18 சென்டிமீட்டராக விரியும். வேட்டைக்காரரின் கைநடுக்கத்துக்கும் காற்றின் தள்ளலுக்கும் அங்கே மிச்சமிருப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. குண்டு விளிம்பில் பட்டால் மான் அங்கேயே விழாது. காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். துப்பாக்கியின் துல்லியத்தைப் பற்றி நான் இவ்வளவு அக்கறை கொள்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சிதறலைக் கோணத்தில் அளப்பது வழக்கம். ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு கோண நிமிடம். 100 மீட்டரில் அது 29 மில்லிமீட்டர். நம் துப்பாக்கி ஏறத்தாழ இரண்டு கோண நிமிடத் துப்பாக்கி.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். குழலின் நீளம் 60 சென்டிமீட்டர். 100 மீட்டருக்கு அப்பால் குண்டு 29 மில்லிமீட்டர் விலக வேண்டுமானால் குழலின் முனை எவ்வளவு விலகியிருக்க வேண்டும்? 0.17 மில்லிமீட்டர்! எழுதும் தாள் இரண்டை அடுக்கி வைத்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு கனம் வந்துவிடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போகும் எதுவும் மிகையாகத் தோன்றாது.

ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி

தோட்டா வெடித்ததும் குழலின் அடியில் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 4,000 மடங்கைத் தாண்டுகிறது. சுமார் 10 கிராம் எடையுள்ள குண்டு அந்தத் தள்ளலில் விநாடிக்கு 850 மீட்டர் அளவிலான வேகத்தை எட்டி வெளியேறுகிறது. குழலுக்குள் அது இருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் குழல் சும்மா இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்டீல் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுண்டிவிட்டிருப்போம். ஒரு பக்கம் பிடிபட்டு மறுபக்கம் விடுபட்ட எந்த உலோகத் தண்டும் அப்படித்தான் அதிரும். துப்பாக்கிக் குழலும் ஒரு பக்கம் பிடிபட்ட தண்டுதான். எஃகில் அதிர்வலை விநாடிக்கு 5,000 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆகவே குண்டு வெளியேறும் முன்பே அடியில் பிறந்த அதிர்ச்சி முனைவரை சென்று திரும்பிப் பலமுறை வந்துவிடுகிறது. பின்னுதைப்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. உதைப்பு நேர்கோட்டில் பின்னோக்கி வருகிறது. தோளில் பதியும் கட்டையோ அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் குழல் மேல்நோக்கி வளையத் தொடங்குகிறது.

ஸ்கேலில் நாம் காண்பது பெரிய, மெதுவான வீச்சு. குழலில் அந்த வீச்சின் முதல் அரைவாசி முடிவதற்குள்ளேயே குண்டு போய்விடுகிறது. எனவே குண்டு எங்கே போகும் என்பது, அது வாயைத் தாண்டும் அந்தக் கணத்தில் குழல் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதிர்வை முழுக்க ஒழிக்க முடியாது. ஒழிக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் குழல் அச்சு பிசகாமல் அதேபோல் அதிர்ந்தால், ஒவ்வொரு குண்டும் அதே சாய்வில் வெளியேறும். துப்பாக்கியின்மேல் பொருத்தியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சற்றுத் திருகிக் குறியைச் சரிசெய்துகொள்ளலாம். சிக்கல் எப்போது வருகிறது? முதல் தடவை ஒருவிதமாகவும் அடுத்த தடவை வேறுவிதமாகவும் அதிரும்போது. துப்பாக்கி வேலை செய்வோர் கட்டையிலும் குழலிலும் செய்கிற அத்தனையும் இந்த ஒன்றுக்காகத்தான்: நேற்று நடந்ததுபோலவே இன்றும் நடக்கவேண்டும்.

1901இலேயே ஆர்னல்ஃப் மல்லக் என்ற ஆங்கில அறிவியலாளர் துப்பாக்கிக் குழலின் அதிர்வை ஆராய்ந்து லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். நம் நாட்டுக் காவலர்களின் கைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிக்கு நெடுந்தூரத்தில் நல்ல பெயர் கிடைத்ததும் அதிர்வால்தான். மெதுவாக வரும் குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அதற்குள் குழல் இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும். வேகம் குறைந்த குண்டு இயல்பாகக் கீழே விழ வேண்டியதை அந்த மேல்சாய்வு ஈடுகட்டிவிடும்.

வால்நட் மரமும் வியட்நாம் மழையும்

நம் ரெமிங்டனை மல்லாக்கப் படுக்க வைப்போம். குழல் கட்டையின் நீண்ட பள்ளத்தில் படுத்திருக்கிறது. ஒரு கரன்சி நோட்டைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்த்தால், கட்டையின் முன்முனை அருகே நோட்டு சிக்கிக்கொள்ளும். அங்கே மரத்தில் சிறு மேடு இருக்கிறது. குழலை அது சில கிலோ விசையோடு மேல்நோக்கி அழுத்திக்கொண்டேயிருக்கிறது.

இது கவனக்குறைவால் வந்த மேடு என்று எண்ணிவிடக் கூடாது. மெல்லிய குழலைக் கீழிருந்து தாங்கி அதிர்வை அடக்க, தொழிற்சாலையே வேண்டுமென்று வைக்கும் மேடு அது. குறைந்த செலவில், துப்பாக்கிக்குத் துப்பாக்கி தனியாக மெனக்கெடாமல் பலவற்றை ஓரளவு நன்றாகச் சுட வைக்கும் வழி. மரம் அசையாத வரை சரி.

மரம் அசையும். வால்நட் மரம் பச்சையாக இருந்து முழுக்க உலரும்போது ஆண்டுவளையங்களின் போக்கில் 7.8 சதவீதமும், அவற்றுக்குக் குறுக்கே 5.5 சதவீதமும் சுருங்கும். நார்வாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. உலர்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், விட்டுச் சுருங்கும். மரத்துக்குள் ஈரம் நான்கு சதவீதம் கூடினால் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்கட்டை அரை மில்லிமீட்டர் வரை அகலும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் உப்பினால் கட்டை முறுக்கிக்கொள்ளும். நாம் பயந்தது 0.17 மில்லிமீட்டருக்கு! உப்பல் அப்படியே குழல்முனையின் விலகலாகிவிடாது என்பது உண்மை. ஆனால் மேடு அழுத்தும் விசை மாறும், அழுத்தும் இடம் மாறும், அதோடு அதிர்வும் மாறும்.

இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது அமெரிக்க மரைன் படை. 1966இல் அவர்கள் ரெமிங்டன் 700ஐயே அடிப்படையாக வைத்து எம்40 என்ற துப்பாக்கியை வியட்நாமுக்கு அனுப்பினார்கள். வால்நட் கட்டைதான். வெப்பமண்டலக் காட்டின் ஓயாத ஈரத்தில் கட்டைகள் உப்பின, வளைந்தன, குழலில் போய் இடித்தன. காலையில் சரிபார்த்த குறி சில நாட்களில் இடம் மாறியது. கடைசியில் 1970களில் குவான்டிகோ தளத்தில் இருந்த படையின் கம்மியர்கள் அதே துப்பாக்கியைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டி எம்40ஏ1 ஆக்கினார்கள். மரக்கட்டை போய் மக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டை வந்தது. தடித்த துருப்பிடிக்காத எஃகுக் குழல் பொருத்தினார்கள். கட்டையில் துப்பாக்கி உட்காரும் இடத்தைக் கெட்டிப் பசையால் வார்த்தார்கள். இன்று ஒரு வேட்டைத் துப்பாக்கியைச் சீர்செய்பவர் தன் பட்டறையில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

படுகை வார்த்தல்

குழலின் பின்முனை ஓர் உருளையான எஃகுப் பெட்டியில் திருகப்பட்டிருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளும் பூட்டு இதற்குள்தான் ஓடுகிறது. இதை இயங்குபெட்டி என்போம். இரண்டே திருகுகள் அதைக் கட்டையோடு பிணைக்கின்றன. பின்னுதைப்பைத் திருகுகள் தாங்குவதில்லை. பெட்டிக்குக் கீழே நாக்குப் போன்ற எஃகுத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. உதைப்பு முழுவதையும் அதுதான் மரத்துக்குக் கடத்துகிறது. இதற்கு உதைத்தகடு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இயங்குபெட்டியின் அடியில் கறுப்பு மையைத் தடவி மரத்தில் வைத்து எடுத்தால், எங்கெங்கே தொடுகிறது என்பது மையாலே தெரிந்துவிடும். தொழிற்சாலைக் கட்டையில் பெரும்பாலும் அங்கே ஒரு திட்டு, இங்கே ஒரு திட்டு. உதைத்தகட்டின் பின்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் மை பட்டிருக்கும். உருண்டையான பெட்டியை மேடுபள்ளமான மரத்தின்மேல் வைத்துத் திருகை இறுக்கினால் பெட்டியே வளைந்துகொள்கிறது. நுண்ணளவு காட்டும் டயல் கேஜைக் கட்டை முனையில் பிடித்து அதன் நுனியைக் குழல்மேல் வைத்துவிட்டு முன்திருகைத் தளர்த்திப் பாருங்கள். முள் சடாரென்று நகரும். அந்த நகர்வு, திருகு அதுவரை எஃகை எவ்வளவு வளைத்து வைத்திருந்தது என்பதன் அளவு. ஒவ்வொரு உதைப்பிலும் இந்த வளைவு சற்றே இடம் மாறி உட்காரும். சிதறலுக்கு வேறு காரணமே வேண்டாம்.

தீர்வு எளிமையானது, பொறுமை கேட்பது. இயங்குபெட்டி உட்காரும் இடத்தில் மரத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி எடுக்கிறார்கள். திருகுகள் போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதிக்கிறார்கள். இனித் திருகை எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காது. எஃகின் மேலெல்லாம் மெழுகைத் தடவுகிறார்கள், ஒரு புள்ளியை விட்டாலும் பசை அதைக் கவ்விவிடும். துளைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடைக்கிறார்கள். உதைத்தகட்டின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் ஆகியவற்றில் நாடா ஒட்டி, பின்பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுகிறார்கள். பிறகு உலோகத்தூளோ கண்ணாடியிழையோ கலந்த எபாக்சிப் பசையை, நாம் கடையில் வாங்கும் அரால்டைட்டின் கெட்டி உறவினரை, பள்ளத்தில் நிரப்பி, துப்பாக்கியை மெல்ல அமிழ்த்துகிறார்கள். ஓரங்களில் பிதுங்கும் பசையை வழித்துவிட்டு, திருகை இறுக்காமல், ஒரு இரவு முழுக்க அப்படியே விடுகிறார்கள்.

மறுநாள் எஃகைப் பிரித்தெடுக்கும்போது பசையில் எஃகின் அச்சு அப்படியே விழுந்திருக்கும், எஃகின்மேல் கடைசல் விட்டுச்சென்ற கோடுகள் உட்பட. இதைத்தான் படுகை என்கிறேன். நாடாவை உரித்துவிட்டால் உதைத்தகட்டின் பின்முகம் மட்டும் முழுமையாகப் படுகையில் தொடும். மற்ற பக்கங்களில் நூலளவு இடைவெளி இருக்கும். இனி ஒவ்வொரு உதைப்புக்கும் பிறகு பெட்டி திரும்பி வந்து உட்கார ஒரே ஒரு இடம்தான் உண்டு. டயல் கேஜை வைத்து மீண்டும் திருகைத் தளர்த்தினால் முள் அசையாமல் நிற்கும்.

வேட்டைத் துப்பாக்கியில் செய்யக்கூடிய வேலைகளில் செலவுக்கும் பலனுக்கும் உள்ள பொருத்தத்தில் இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் எண்ணம்.

மிதக்கும் குழல்

படுகை உறுதியானதும், முன்கட்டையின் மேட்டைச் செதுக்கி எடுத்துவிடலாம். பள்ளத்தைச் சற்று அகலப்படுத்தி, கரன்சி நோட்டு தடையில்லாமல் இயங்குபெட்டி வரைக்கும் ஓடும்படி செய்கிறார்கள். குழல் இப்போது கட்டையின் எந்த இடத்தையும் தொடாமல் நிற்கிறது. மரம் உப்பினாலும் சுருங்கினாலும் குழலுக்குத் தெரியாது. செதுக்கிய வெறும் மரத்தின்மேல் மெருகெண்ணெய் பூசி மூடுவதை மட்டும் மறக்கக் கூடாது. மூடாத மரம் முன்னைவிட வேகமாக ஈரத்தைக் குடிக்கும்.

இந்த இடைவெளியைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. வின்செஸ்டர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த மாடல் 70 துப்பாக்கியை 1964இல் மாற்றியமைத்தபோது குழலைச் சுற்றிப் பெரிய இடைவெளி விட்டது. மரமும் எஃகும் இழைந்து நிற்கும் அழகுக்குப் பழகிய வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கவேயில்லை. அறிவியல் அந்த இடைவெளியின் பக்கம்தான் இருந்தது.

எல்லாக் குழலும் மிதந்தால் நன்றாகச் சுடும் என்று சொல்ல முடியாது. மிக மெல்லிய குழல்கள் சில, கீழிருந்து கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் அடங்குகின்றன. செதுக்கிய பிறகு சிதறல் கூடிவிட்டால், விசிட்டிங் கார்டு துண்டொன்றைக் குழலுக்கும் முன்முனைக்கும் இடையே செருகிச் சுட்டுப் பார்க்கிறார்கள். அது உதவினால் அதே இடத்தில் எபாக்சியால் சிறு திண்டு வார்த்துவிடுகிறார்கள். மரமேடு உப்பும், எபாக்சித் திண்டு உப்பாது.

மெலிவும் தடிப்பும் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம்? தண்டின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் படியில் கூடுகிறது. குழலைப் பத்து சதவீதம் தடிப்பாக்கினால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும். போட்டித் துப்பாக்கிகளின் குழல் உலக்கைத் தடிமனில் இருப்பது அதனால்தான். மலையேறி மானைத் தேடுபவரால் அந்த எடையைச் சுமக்க முடியாது.

குழலின் வாய்

குண்டின் அடிப்பகுதி வாயை விட்டு நீங்கும் கணத்தில் அதன் பின்னால் இன்னும் சில நூறு வளிமண்டல அழுத்தத்தில் வாயு இருக்கிறது. அடைப்பு விலகியதும் வாயு குண்டைவிட வேகமாகப் பாய்ந்து அதைச் சுற்றிக்கொண்டு முந்துகிறது. வாயின் விளிம்பு முழுவதும் ஒரே சீராக இருந்தால் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கசியும். விளிம்பில் ஓரிடத்தில் சிராய்ப்போ பள்ளமோ இருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டின் அடியை ஒரு பக்கமாகத் தள்ளும். ஃபிராங்க்ளின் மான் தன் தாள்களில் கண்டது நினைவிருக்கிறதா? குண்டின் அடிப்பகுதிக்கு நேரும் எதையும் குண்டு மன்னிப்பதில்லை.

குழலுக்குள் வெட்டிய முறுக்குப் புரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. 30 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வைத்தால், 850 மீட்டர் வேகத்தில் குண்டு விநாடிக்கு 2,800 தடவை சுழல்கிறது. அப்படிச் சுழலும் பொருளை ஓரத்தில் தட்டினால் அது தள்ளாடிக்கொண்டுதான் பறக்கும்.

விளிம்பைக் கெடுப்பது பல சமயம் சுத்தம் செய்யும் கம்பிதான். வாய்ப்பக்கமிருந்தே கம்பியை விட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் விளிம்பின் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். சோதிப்பது சுலபம்: சுட்ட பிறகு வாயைச் சுற்றிப் படியும் கரிக் கோலத்தைப் பார்க்கவேண்டும். கதிர்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கக் கதிர் மட்டும் நீண்டு கலைந்திருந்தால், குழலைக் கடைசலில் ஏற்றி வாயின் நுனியைச் சிறிதளவு வெட்டியெறிந்து, குழலின் அச்சுக்கு மிகச் சரியான செங்குத்தில் புது விளிம்பு எடுக்கிறார்கள். சிறிய வேலை. பழைய துப்பாக்கிகளில் சில நேரம் இது ஒன்றே சிதறலைப் பாதியாக்கிவிடும்.

சூடேறும் எஃகு

இந்த வேலைகள் முடிந்தும் ஒரு குழல் அடங்கவில்லை என்றால், கோளாறு எஃகுக்குள்ளேயே இருக்கலாம். தொழிற்சாலையில் துளையிட்ட குழல் சற்றே வளைந்திருந்தால் அழுத்தி நேராக்குவதுண்டு. நேரானதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இழுவிசை தங்கிவிடும். சுடச்சுடக் குழல் சூடாகும்போது அந்த விசை எழுந்து, குழலை மீண்டும் பழைய வளைவை நோக்கி இழுக்கும். தாளில் அதன் அடையாளம் தனி. துளைகள் கண்டபடி சிதறாமல், முதல் குண்டிலிருந்து ஐந்தாம் குண்டு வரை ஒரே திசையில் படிப்படியாக நகர்ந்துகொண்டே போகும். நல்ல குழல் செய்பவர்கள் எஃகைச் சூளையில் ஏற்றி மெல்ல ஆறவைத்து இந்த விசையைப் போக்கிவிடுகிறார்கள். கெட்ட குழலைப் பட்டறையில் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பணியாற்றிய பொறியாளர் ஹெரால்ட் வான் இதையெல்லாம் ஊகமாக விடாமல் கருவிகளை வைத்து அளந்தார். 1998இல் வெளியான அவருடைய நூலில் சாதாரணக் கடை வேட்டைத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, குழலின் அதிர்வு, குழலும் பெட்டியும் திருகிச் சேரும் இடத்தின் நழுவல், தொலைநோக்கிக்குள்ளே நிகழும் அசைவு, குண்டின் எடைச் சமனின்மை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். ஒரு பெரிய குற்றவாளி என்று எதுவும் இல்லை, பல சிறியவை சேர்ந்துதான் சிதறலாகிறது என்பதை அவருடைய வேலை காட்டுகிறது. குழல் திருகையும் தோட்டா அறையையும் வீட்டில் தொட்டுப் பார்க்கக் கூடாது. 4,000 மடங்கு அழுத்தத்தை அடக்கும் இடம் அது. தேர்ந்த கம்மியரின் கைக்கு மட்டுமே உரியது.

மூன்று துளைகள் சொல்லும் பொய்

படுகை வார்த்தாயிற்று, குழல் மிதக்கிறது, வாய் புதிதாயிற்று. நம் ரெமிங்டன் தேறியதா என்று எப்படி அறிவது? பெரும்பாலானோர் மூன்று குண்டு சுட்டு, துளைகள் நெருங்கியிருந்தால் மகிழ்ந்து போகிறார்கள். இங்கேதான் மிக அதிகமானோர் ஏமாறுகிறார்கள்.

துளைக்கொத்தின் அகலம் என்பது இரண்டு கடைக்கோடித் துளைகளுக்கு இடையிலான தூரம். அதிகக் குண்டு சுட்டால், விலகிப்போகும் ஒன்றுக்கு அதிக வாய்ப்பு. எனவே அகலமும் கூடும். ஐந்து குண்டுக் கொத்தில் சராசரியாக 60 மில்லிமீட்டர் காட்டும் துப்பாக்கி, எந்த மாற்றமும் செய்யாமலே, மூன்று குண்டுக் கொத்தில் சராசரியாக 47தான் காட்டும். பத்து குண்டுக் கொத்தில் 75 காட்டும். துப்பாக்கி ஒன்றுதான்! மூன்று குண்டுக் கொத்துகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் அளவும் பெரிது. அதே துப்பாக்கி ஒரு தடவை 30 மில்லிமீட்டரும் மறு தடவை 65உம் போட்டால் அதில் வியப்பில்லை. வேலைக்கு முன் 65, வேலைக்குப் பின் 30 என்று கண்டவர் தன் கைத்திறனை மெச்சுவார். நடந்தது வெறும் தற்செயலாக இருக்கலாம்.

எனவே வேலைக்கு முன்னும் பின்னும், ஒரே பெட்டித் தோட்டாவில், குழலை ஆறவிட்டு ஆறவிட்டு, ஐந்து குண்டுக் கொத்துகள் நான்கையாவது சுட்டுச் சராசரி எடுத்தால்தான் பேச்சுக்கு மதிப்பு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யவேண்டும். படுகையையும் வாயையும் ஒரே வாரத்தில் திருத்தினால் எது உதவியது என்று எப்போதுமே தெரியாது. தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பார்த்துவிடவேண்டும். கட்டையைச் செதுக்கிய பிறகு திருகு தளர்ந்திருந்ததைக் கண்டுபிடிப்பது பெரும் வேதனை. நம் துப்பாக்கியின் ஐந்து குண்டுச் சராசரி 60இலிருந்து 35க்கு இறங்கினால், தொழிற்சாலையில் செய்த மெல்லிய குழலுக்கு அது மிக நல்ல பலன்.

குளிர்ந்த குழலின் முதல் குண்டு

போட்டியில் சுடுபவருக்குத் துளைக்கொத்தின் அகலம்தான் எல்லாம். வேட்டைக்காரரின் நிலை வேறு. அவர் காட்டில் சுடுவது பெரும்பாலும் ஒரே குண்டு, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. சூடேறிய பின் வரும் நான்கு துளைகள் எவ்வளவு அழகாக நெருங்கியிருந்தாலும் மானுக்கும் அவருக்கும் அதனால் பயனில்லை.

அவருக்கு உகந்த சோதனை தனி. வெவ்வேறு நாட்களில், மழைக்கால ஈரத்திலும் வறண்ட குளிரிலும், சுடுதளத்துக்குப் போய் ஒரே ஒரு குண்டு சுடவேண்டும். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதே தாளையே மீண்டும் மாட்டவேண்டும். பத்து முதல் குண்டுகள் சேர்ந்ததும் அந்தத் தாள் எந்தத் துளைக்கொத்தும் காட்டாததைக் காட்டும். மேடு அழுத்தும் மரக்கட்டைத் துப்பாக்கியில், ஒரே நாளில் சுட்ட கொத்து நெருக்கமாக இருந்தாலும், இந்தப் பத்துத் துளைகளும் பருவத்துக்கேற்ப இடம் மாறி நீளவாக்கில் பரவிக் கிடக்கும். படுகை வார்த்து மிதக்கவிட்ட துப்பாக்கியில் அவை ஒரே இடத்தில் கூடியிருக்கும்.

சில நல்ல துப்பாக்கிகளில் முதல் குண்டு மற்றவற்றிலிருந்து எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளியே விழுகிறது. சுத்தம் செய்தபின் குழலில் தங்கிய எண்ணெய்ப் படலம் காரணமாயிருக்கலாம், குளிர்ந்த எஃகின் வளைவு காரணமாயிருக்கலாம். அதை ஒழிக்கப் பாடுபடத் தேவையில்லை. தவறாமல் அதே இடத்தில் விழுகிறது என்பது உறுதியானால், தொலைநோக்கியின் குறியை அந்த முதல் துளைக்கே திருகி வைத்துவிட்டு, பின்னால் வரும் நான்கையும் அவை விழுந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.